சாக்கடைக்கு அந்தாண்ட

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டியே அடி அண்ணாமலையில் மாடி வீடும் கடையும் கட்டினேன். வேப்பங்குச்சி தேய்த்த பல்; அறுபது தாண்டியும் ஒன்றுகூட ஆடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் என்னை ஜெயித்தவள் ஒருத்திதான், என் நாலு வயதுப் பேத்தி.

பல் துலக்கவே மாட்டாள். ஆசையாகத் தூக்கினால் வாயிலிருந்து ஊசிப்போன மாவு வாடை. முன்பற்களில் மஞ்சள் பாசி, கடைவாயில் கறுப்புப் பொத்தல். எனக்குக் குமட்டும். வேப்பங்குச்சியைக் கொடுத்தேன், கடித்துவிட்டு என் வெள்ளை வேட்டியிலேயே வாந்தி எடுத்தாள். இனிப்புப் பேஸ்ட் வாங்கினேன், நக்கித் தின்றாள்.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே விட்டா, பல்லைப் புடுங்கத்தான் வேணும்னு டாக்டர் சொல்லிட்டாரு மாமா" என்று மருமகள் கண்ணைக் கசக்கினாள்.

அதைவிட அருவருப்பு என் கடைக் குழாயடி. பௌர்ணமிக்கு மலை சுற்றி முடித்த கூட்டம் விடிகாலையில் அங்கேதான் பல் துலக்கும். கர்ரென்று காறும், புளிச்சென்று துப்பும். சாக்கடை முழுக்க நுரை மிதக்கும். ஒரு பௌர்ணமியன்று விரட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கூட்டத்தின் நடுவில் என் பேத்தி! விரலில் பல்பொடி, வாய் நிறைய நுரை.

"சாக்கடைக்கு அந்தாண்ட துப்பு பாக்கலாம், கண்ணு" என்றாள் வெளியூர்க்காரி ஒருத்தி.

குழந்தை எட்டித் துப்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். உடனே இன்னொரு தடவை தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் குழாயடியில் ஈ காக்கா இல்லை. பேத்தி வாயை இறுக மூடிக்கொண்டாள். "என்கூட யாரு தாத்தா துப்புவாங்க?"

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் பல்லு தாங்குமா மாமா?" என்று மருமகள் என்னையே பார்த்தாள்.

எத்தனையோ பேருக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கியவன் நான். துப்புவதற்கு ஆள் வைக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டினேன். எவனாவது எச்சில் துப்பினால் அன்றைக்குச் சோறு இறங்காத நான், பல்பொடியைத் தேய்த்துக் காறித் துப்பினேன். நடுச் சாக்கடையில் விழுந்தது.

"ஐயே, தாத்தாவுக்குத் துப்பவே தெரியல!" அவளுடையது அந்தப் பக்கம் போய் விழுந்தது.

குமட்டலை அடக்கிக்கொண்டு பல்பொடி டப்பாவை மறுபடி திறந்தேன். ஒரு குழந்தையிடம் தோற்கிறவனா நான்?