அவளோடு சவாரி வந்தவன்

குதிரைப் பண்ணையில் வேலை பார்ப்பவனுக்குப் பேய்க் கதை சொல்வதும் ஒரு வேலைதான். வாரம் ஒரு நாள் நெருப்பு மூட்டுவோம். சுற்றி உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளுக்கு நான் சொல்லாத கதை இல்லை. தலையில்லாத தபால்காரன், சுரங்கத்துக்குள் அழும் மணப்பெண்... அத்தனையும் பொய். பாதி நானே கட்டியது. இப்போது சொல்லப் போவதை மட்டும் எந்த நெருப்புக்கு முன்னாலும் ஒரு நாளும் சொன்னதில்லை. இது எனக்கு நடந்தது. பண்ணையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னமும் ஆட்கள் வந்து தங்குகிறார்கள்.

என் பெயர் கென்ட் ஆஸ்ட்ரம். வயோமிங் மலையடிவாரத்துக்காரன். அந்தப் பண்ணையில் குதிரைகளும் விருந்தாளிகளை மலைக்குக் கூட்டிப் போகும் சவாரியும் என் பொறுப்பு. வருகிறவர்கள் குதிரை ஏறத்தான் வருகிறார்கள் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். பாதிப் பெண்கள் வருவது கௌபாயைப் பார்க்க. சொந்த ஊரில் ஒருத்தனையும் திரும்பிப் பார்க்காதவள், இங்கே சாணி அள்ளுகிறவனைப் பார்த்து உருகுவாள். தொப்பி செய்கிற மாயம் அது. பண்ணைக்காரி வெர்னாவுக்கு இது நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கும் ராஸுக்கும் ஒரே ஒரு சட்டம் சொன்னாள்.

"விருந்தாளி கையில காப்பியக் குடு. உன் கையக் குடுக்காத."

ராஸ் என்னோடு வேலை பார்த்தவன். நல்லவன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

செப்டம்பர் கடைசி வாரம். அந்த வருடத்தின் கடைசி விருந்தாளிகள். அவர்களில் ஒருத்தி டெலியா. ஒமாஹா நகரத்தில் பள்ளிக்கூடப் பேருந்துகளை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் வேலை. தனியாக வந்திருந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். முதல் நாளே குதிரையிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழுந்தாள். எழுந்து, "இதுக்குத் தனியாக் காசு குடுக்கணுமா?" என்று கேட்டாள். அந்த நிமிடமே எனக்கு வெர்னாவின் சட்டம் மறந்துபோயிற்று. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. காப்பி கொடுத்தேன். சேணம் கட்டிவிட்டேன். அவ்வளவுதான்.

ஓடையை ஒட்டிய கடைசி மரக்குடிலில் அவளைத் தங்க வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேற்று சாயங்காலம் குடிலுக்கு வெளியே அவ்வளவு நேரம் நின்றவன், ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்றாள். நான் நிற்கவில்லை என்றேன். நேற்று சாயங்காலம் நானும் ராஸும் ஊருக்குள் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அவள் நம்பவில்லை. இது கௌபாய்களின் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, நீ இல்ல. அப்ப தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு நின்னாரே, அவர்கிட்ட சொல்லிடு. ரொம்ப அழகா இருந்தாருன்னு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஸுக்குப் புரையேறியது. இவன்தான் ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். தொழுவத்தில் வைத்துக் கேட்டேன். "நானும் உங்கூட லாரியிலதான மாப்ள இருந்தேன்?" என்றான். உண்மைதான். இருந்தான்.

அன்று குதிரைகளிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பட்டிக்குள் இருபத்திரண்டு குதிரைகள். வழக்கமாக ஆளுக்கொரு பக்கம் நிற்கும். அன்று எல்லாமே தூரத்து வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. எல்லாத் தலைகளும் ஓடைப் பக்கம் திரும்பியிருந்தன. காதுகள் விறைப்பாக. மலைச்சிங்கம் ஏதாவது இறங்கியிருக்கும் என்று தேடினேன். ஒரு தடமும் இல்லை.

புதன்கிழமை டெலியா என்னிடம் பேசிய விதமே மாறிவிட்டது. நெடுநாள் பழகியவள் போல. சவாரியில் என் பக்கத்தில் வந்து, என் சட்டைக் கையைத் தொட்டாள்.

"டேலப் பத்தி நீ சொன்னதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல."

என் கையிலிருந்த கடிவாளம் நழுவியது.

டேல் என் அண்ணன். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது வாய்க்காலில் மூழ்கிப் போனவன். அவனைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. வெர்னாவுக்குத் தெரியாது. ராஸுக்குத் தெரியாது. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

யார் சொன்னது என்று கேட்டேன். அவள் முகத்தில் சின்னதாக ஒரு வருத்தம். சொன்னதற்கு வெட்கப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டாள் போல. குதிரையை முன்னால் விட்டாள்.

அன்று சாயங்காலம் நான் ஓடைக்கு அந்தப் பக்கம், வில்லோ புதர்களுக்குள் போய் உட்கார்ந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. குடில் வாசல் நன்றாகத் தெரிந்தது.

ஆறரை மணிக்கு டெலியா வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்தாள். சரியாக நடுவில் இல்லை... இன்னொருவர் உட்கார இடம் விட்டு.

பேச ஆரம்பித்தாள்.

அவள் பேசுவாள். நிறுத்துவாள். தலையாட்டிக் கேட்பாள். சிரிப்பாள். பக்கத்துப் படி காலியாக இருந்தது. அங்கே ஒருவரும் இல்லை. நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

ஆனால் ஒரு சத்தம் கேட்டது. பூட்ஸ் குதிகாலால் மரப்படியை மெதுவாகத் தட்டுகிற சத்தம். டொக்... டொக்... டொக்...

டெலியா வெறுங்காலோடு இருந்தாள்.

நான் எழுந்து ஓடையைக் கடந்தேன். என் காலடி கேட்டு அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த காலிப் படியைப் பார்த்தாள். முகத்தில் குழப்பம்.

"இப்பத்தான இங்கேருந்து எழுந்து போன... அதுக்குள்ள எப்படி அந்தப் பக்கமா வர்ற?"

இங்கே இருந்தது நான் இல்லை, உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்றேன். அவள் கோபப்பட்டாள். ஒரு பெண்ணோடு இப்படியா விளையாடுவது என்று கேட்டாள். கதவை என் முகத்தில் அடித்துச் சாத்தினாள்.

நேராக வெர்னாவிடம் போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பைத்தியம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணு உன்ன விரும்புறாளா?"

தெரியவில்லை என்றேன்.

"உனக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டாள். நாளைக் காலையில் முதல் வேலையாக அந்தப் பெண்ணை ஊருக்குள் கொண்டுபோய் விடுதியில் விடச் சொன்னாள். இன்று ராத்திரி அவளைத் தன் வீட்டிலேயே படுக்க வைப்பதாகச் சொன்னாள். அப்படியே அழைத்தும் வந்தாள். டெலியா என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் தொழுவத்தில் சேணங்கள் வைக்கும் அறையில் படுத்தேன். தூங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஐந்தே முக்கால். இருட்டு. வெளியே குளம்புச் சத்தம். ஒரு குதிரை, நிதானமாக, மலைப் பக்கம் போகிறது.

கூடவே இன்னொரு சத்தம். தோல் சேணம் முனகுகிற சத்தம். இரண்டு சேணம். இந்த வேலையில் இருப்பவனுக்கு அது தப்பாது.

பட்டியில் ஜூனிபர் இல்லை. டெலியாவுக்கு நான் கொடுத்திருந்த பெண் குதிரை. மற்றவை எல்லாம் அப்படியே இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

என் குதிரையில் ஏறி விரட்டினேன். விடியலுக்கு முந்தைய சாம்பல் வெளிச்சம். தரை முழுக்க உறைபனி. பனியில் தடம் தெளிவாகத் தெரிந்தது.

ஒரே ஒரு குதிரையின் தடம்.

தடம் எங்கே போகிறது என்று புரிந்ததும் குதிரையை இன்னும் வேகமாக விரட்டினேன். ஏரிக்கு மேலே போகும் பழைய பாதை அது. இடது பக்கம் மலைச்சுவர். வலது பக்கம் பள்ளம். கீழே ஏரி. அந்த வசந்தத்தில் மண் சரிந்து பாதையில் பாதி கீழே போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு குதிரை நிற்கும் அகலம்தான். அங்கே நாங்கள் யாரையும் கூட்டிப் போவதில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் என் குதிரை நின்றுவிட்டது. உதைத்தேன். நகரவில்லை. அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. இறங்கி ஓடினேன்.

மூடுபனி. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அவள் குரல் மட்டும் கேட்டது. சந்தோஷமான குரல். யாருக்கோ பதில் சொல்லும் குரல்.

பிறகு... பனி கொஞ்சம் விலகியது.

ஜூனிபர் நாலு காலையும் ஊன்றி நின்றது. ஓர் அடி எடுத்து வைக்க மறுத்தது. மேலே டெலியா. வலது பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சவாரி வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பது போல.

அவளுக்கு வலது பக்கம் தரையே இல்லை.

வெறும் பனி. வெறும் ஆகாயம்.

அந்த ஆகாயத்திலிருந்து... சேணம் முனகியது.

நான் மலைச்சுவரை உரசிக்கொண்டு மெல்ல அவள் இடது பக்கம் போனேன்.

"டெலியா."

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. கண் மட்டும் மாறியது.

வலது பக்கம் பார்த்தாள்.

மறுபடி என்னை.

மறுபடி வலது பக்கம்.

"இறங்கு," என்றேன். "என் பக்கமா இறங்கு."

அவள் சேணத்து வளையத்திலிருந்து கால்களை உருவினாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். கடிவாளத்தை விட்டாள்.

குதிரை துள்ளியது.

அடுத்த கணம் அவள் என் மேல் விழுந்தாள்.

இருவரும் சுவரோடு சாய்ந்தோம். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜூனிபர் எப்படியோ திரும்பி, எங்களை உரசிக்கொண்டு வந்த வழியே ஓடியது. என் தோளில் முகம் புதைத்துக்கொண்டவள் நிமிரவே இல்லை. நானும் வலது பக்கம் பார்க்கவில்லை. சேணம் முனகும் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளத்துக்கு மேலே... மெதுவாக... விலகி விலகிப் போயிற்று. பிறகு அதுவும் இல்லை.

கீழே இறங்கி வர ஒரு மணி நேரம் ஆனது. வெர்னா வாசலில் நின்றிருந்தாள். அவள் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்ததாம். டெலியா ஜன்னல் வழியாகப் போயிருக்கிறாள்.

பல வருடங்களுக்கு முன் ஒஹையோவிலிருந்து ஒரு பெண் வந்து தங்கியிருந்ததை வெர்னா அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். பண்ணை மேஸ்திரியோடு விடியற்காலையில் ஏரிக்குச் சவாரி போகிறேன் என்று தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனவள். ஏரியிலிருந்துதான் எடுத்தார்கள். மேஸ்திரி அந்த வாரம் முழுக்கக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர்தான் வெர்னாவின் கணவர். அந்தப் பெண்ணுக்கு அவர் மேல் ஆசை இருந்தது வெர்னாவுக்குத் தெரியும். பெண் ஆசைப்பட்டவன் முகத்தை எடுத்துக்கொண்டு வருகிற அது என்ன, எதற்காக வருகிறது... அது அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும் இன்று வரை தெரியாது.

நான் அந்த வாரமே வேலையை விட்டேன். அடுத்த மே மாதம் எனக்கும் டெலியாவுக்கும் திருமணம். ராஸ்தான் மாப்பிள்ளைத் தோழன். ஒமாஹாவில் வீடு. அவள் இன்றும் பேருந்து அனுப்புகிறாள், நான் மரவேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடங்களாக அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். அன்றைக்கு அந்தப் பக்கம் என்ன பார்த்தாய் என்று.

அவள் குழாயை மூடினாள்.

"உன்னத்தான். அதே சட்டை. அதே முகம். நீ இறங்குன்னு சொன்னப்ப அதுவும் அதே வார்த்தைய, அதே நேரத்துல சொல்லிச்சு. என் பக்கமா இறங்குன்னு."

அப்புறம் நான்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி ஈரக் கையைத் துடைத்தாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தன் அழுதுட்டிருந்தான், கென்ட்... நீ அழல."

கையில் இருந்த தட்டை நான் கீழே வைத்தேன்.

"நான் அவன் பக்கந்தான் இறங்கினேன். குதிரதான் துள்ளி என்ன உன் பக்கம் தள்ளிடுச்சு."