பெரட்டுக்குப் பிந்திய காலை

எல்கடுவப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு தொழிலாளர் சபை வந்தது. ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தி வருபவர்களுக்கு வேலை கொடுப்பதா என்பதை இனித் தோட்டத்தை நடத்தும் துரை அல்ல, சபைதான் தீர்மானிக்கும் என்றார்கள். நானும் கை தட்டினேன்.

பிந்தி வந்து அந்தச் சபை முன் முதலில் போய் நின்றது நான்தான்.

“புள்ளக்காம்பரா இன்னும் தொறக்கலண்ணே, கைப்புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வர்றது?” என்றேன்.

சபையில் எல்லாரும் ஆண்கள், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள். பிள்ளையைக் காப்பகத்தில் கொண்டுபோய் விடும் வேலை அவர்களுக்கு இருந்ததில்லை.

“ஒனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும், தங்கச்சி. இன்னைக்கு வேலை இல்ல,” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

துரை விரட்டியிருந்தால் லயமே என்னோடு சேர்ந்து திட்டியிருக்கும். அன்று சபை சொன்னதென்று எல்லாரும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

அடுத்த முறை சபைக்கு ஆள் கேட்டபோது, பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே கையைத் தூக்கினேன்.