மிக்ஸியோடு ஓடிய காலை

தமுக்குச் சத்தம் கேட்டதும் நான் முதலில் தூக்கியது மிக்ஸியை. வண்டியூரில் எங்கள் பூர்வீக வீட்டு வாசலில் ஜப்தி உத்தரவோடு கோர்ட் அமீனா நிற்கிறார், பக்கத்தில் ஒருவர் தமுக்கடிக்கிறார், தெருவே கூடிவிட்டது. தலை நரைத்த ஆம்பளை நான், மிக்ஸியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுகிறேன். ஜப்தி என்றால் அண்டா குண்டாவை அள்ளிக்கொண்டு போவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். டிவியை முன்னமே குளியலறையில் நிறுத்தி, காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவது போலத் துண்டு போர்த்தியிருந்தேன். அமீனா எட்டிப் பார்த்தார். சிரிக்காமல் சொன்னார்: "சாமானுக்கு வரலண்ணே. வீட்டுக்குத்தான் வந்துருக்கோம்."

எல்லாம் என் தம்பி வைத்த பாக்கிக்காக. தம்பியை விட்டு அவன் மனைவி பிரிந்தபோது, பெண் குழந்தைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டச் சொல்லி உத்தரவானது. அவன் ஒரு பைசா கட்டாமல் வெளிநாடு போய், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். இந்த வீட்டில் அவனுக்குப் பங்கு உண்டு. எந்தப் பக்கம், மாடிப்படியா அடுப்படியா என்று வக்கீலிடம் கேட்டேன். பாகம் பிரிக்காத வீட்டில் ஒவ்வொரு செங்கலிலும் அவன் பங்கு இருக்கிறது என்றார். அன்றிலிருந்து சுவரில் ஆணி அடிக்கவே பயம். எனக்கும் என் பெண்டாட்டிக்கும் வேறு போக்கிடம் கிடையாது. அப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மருமகள் கேஸ் போட்ட நாளிலிருந்து பேத்தியின் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று வைத்திருந்தவர் அவர்.

அமீனா உத்தரவை உரக்க வாசித்தார். மனுதாரர் மைனர் என்று சொல்லிப் பெயரை வாசித்ததும் அப்பா எழுந்துவிட்டார். அது செத்துப்போன என் அம்மாவின் பெயர். எங்களில் தலைப் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்பது. தொட்டிலுக்குள் குனிந்து அதைக் காதில் சொல்லி வைத்ததே அப்பாதான்.

"தம்பி, பேரை இன்னொருக்கா வாசிங்க."

அமீனா வாசித்தார். தமுக்குக்காரரும் பழக்கதோஷத்தில் இன்னொரு தட்டுத் தட்டினார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அவ வாசல்ல வந்து கேக்கும்போது இல்லைன்னா சொல்றது? வித்துக் குடுத்துருவோம்டா."

"நாம எங்கப்பா போறது?"

என் இடுப்பைப் பார்த்தார். "மிக்ஸிய எடுத்துட்டேல்ல. வா."

வீட்டை விற்றுப் பேத்திக்கு உரியதைக் கொடுத்தார். இப்போது அப்பாவும் இல்லை. ஆரப்பாளையத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் படியேறும் சத்தம் கேட்டாலே வாடகை ரசீதைத் தேடி எடுக்கிறேன். தெருவில் ஏதாவது கொட்டுச் சத்தம் வந்தால் கை தானாக மிக்ஸிக்குப் போகிறது. காது மட்டும், யாராவது அந்தப் பெயரை இன்னொருக்கா வாசிக்கமாட்டார்களா என்று வாசலிலேயே நிற்கிறது.