சுரீர் அண்ணனும் எரியாத டோனரும்

எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருந்தவரை எல்லோரும் சுரீர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஷேவ் முடிந்ததும் அவர் ஒரு பச்சைப் பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்து, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து, நம் கன்னங்களில் பளார் பளார் என்று வைப்பார். அப்போது முகத்தில் ஒன்று கிளம்பும் பாருங்கள், அதைச் சொல்ல 'சுரீர்' என்பதைத் தவிர நமக்கு வேறு சொல் கிடையாது.

பாட்டிலில் இருந்தது அவரே கலந்த சரக்கு. ஸ்பிரிட், மென்தால், படிகாரம் கரைத்த தண்ணீர், வாசனைக்குக் கொஞ்சம் எலுமிச்சை எண்ணெய். கடையின் பெருமையே அதுதான்.

"ஷேவ் பண்றப்போ முகத்துல இருக்கற துளையெல்லாம் வாயைத் திறந்துக்கும். இதைப் போட்டா டப்பு டப்புன்னு மூடிக்கும். எரியுதா? எரியுதுன்னா மூடுதுன்னு அர்த்தம்."

எங்களுக்குக் கண்ணில் நீர் தளும்பிக்கொண்டிருக்கும். தலையை மட்டும் ஆட்டுவோம். ஆம்பளைகள் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் எரிகிறது என்று வாயைத் திறப்பான்?

இதில் ஒரு விஷயத்தை யாரும் யோசித்ததில்லை. அண்ணனுக்குத் தாடி உண்டு. ஒரு காதில் ஆரம்பித்து மறு காதுவரை, அடர்த்தியாக, சீவிவிட்ட தாடி. மீசை முளைத்த வயதிலிருந்து அவர் அதை ஒதுக்கிவிடுவாரே தவிர மழித்ததில்லை. ஊருக்கெல்லாம் சுரீர் கொடுத்தவரின் கன்னத்தில் அந்தச் சரக்கு ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை.

அது பட்ட நாளில் நானும் பெஞ்சில் இருந்தேன். கடைக்குப் புதிதாக ஒரு டிரிம்மர் வாங்கியிருந்தார். நாற்காலியில் இருந்த லாரி டிரைவர், "அண்ணே, இது தோலை இழுத்துடாதே?" என்று சந்தேகப்பட்டார்.

"என்ன பேச்சு இது? இங்க பாருங்க," என்று அண்ணன் அதைத் தன் தாடியில் வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினார்.

முடியை ஒட்ட வழித்துவிடாமல் இருக்க முன்னால் மாட்ட வேண்டிய சீப்பு கண்ணாடித் தட்டிலேயே கிடந்தது. தாடியின் நடுவே நேராக ஒரு சாலை போட்டது போலப் பாதை விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தோம். லாரி டிரைவர்தான் மெதுவாக, "தோலை இழுக்கல," என்றார்.

வேறு வழியில்லை. அண்ணன் டிரைவரை எழுப்பி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தானே நாற்காலியில் ஏறி, முழுத் தாடியையும் வழித்தார். உள்ளே இருந்து வெளுத்த, சின்னஞ்சிறு மோவாய் ஒன்று வெளியே வந்தது. எங்களுக்கே அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் மட்டும் தொழில் மரியாதையை விடவில்லை. பச்சைப் பாட்டிலை எடுத்தார். கவிழ்த்தார். தேய்த்தார். பளார் பளார்.

அடுத்து வந்த சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, குழாயைத் திறந்து, தலையை அப்படியே தொட்டிக்குள் நுழைத்துக்கொண்டார். பிறகு தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி, எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் வாத்தியார், அந்தக் கடையின் பழைய வாடிக்கை, செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் ஊத்தினீங்க."

அண்ணன் பட்டப்பகலில் கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி வாசலை ஒட்டிய அறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்து, "அவரு கடையில இருப்பாருங்க. அங்க போய்ப் பாருங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார்.

"நான்தாண்டி!"

மெஷின் நின்றது. அந்த அம்மாள் கல்யாணத்திலிருந்து இந்த மோவாயைப் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் சிரித்தார் என்று கணக்கில்லை. சிரிப்பு அடங்கியபோதுதான் முகம் செக்கச்செவேலென்று வீங்கியிருப்பது கண்ணில் பட்டது. உடனே தன் தங்கைக்குப் போன் செய்தார்.

தங்கை மருந்துக் கடையில் முகத்துக்குப் போடும் சாமான்கள் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள். பேச்சில் யாருக்கும் சளைக்காதவள். வேலை முடிந்து வந்தவள் முகத்தைப் பார்க்கும் முன் பாட்டிலைக் கேட்டாள். முகர்ந்து பார்த்தாள். அவள் கண்ணே கலங்கிவிட்டது.

"மாமா, இதைச் சுவத்துல தடவினா பெயின்ட் உரியும். முகத்துலயா போட்டீங்க?"

"துளை மூடணும்ல பாப்பா?"

"துளை என்ன ஜன்னலா, திறந்து திறந்து மூட? அது பாட்டுக்கு இருக்கும். ஸ்பிரிட்டு போட்டா முகத்துல இருக்கற ஈரப்பசை அத்தனையும் போயிடும். எரியறது மூடறதனால இல்ல. தோலு காப்பாத்துன்னு கத்துது. உங்க காதுலதான் விழல."

அண்ணன் பாட்டிலை வாங்கித் தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

முகம் ஆறும்வரை வெறும் தண்ணீரும் ஒரு களிம்பும்தான் என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தோல் உரிந்து, பழையபடி ஆனபிறகு ஒரு பாட்டிலோடு வந்தாள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஸ்பிரிட் கிடையாது. கிளிசரின், பன்னீர், கற்றாழைச் சாறு. வாசனைகூட இருந்தும் இல்லாதது போல.

"இதுதான் டோனர். முதல்ல காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வச்சு, ஒரு நாள் விட்டுப் பாருங்க. ஒண்ணும் ஆகலன்னா போடலாம். முகத்தைக் கழுவி, துண்டால ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க. ஈரம் லேசா இருக்கறப்பவே கையில கொஞ்சம் ஊத்தி இப்படி ஒத்துங்க. மாமா, ஒத்தச் சொன்னேன், அறையச் சொல்லல. அது காயறதுக்குள்ள மேல கிரீம். அவ்வளவுதான்."

"கிரீம் முதல்ல போட்டா?"

"ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டுக் குளிப்பீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன. இன்னொண்ணு. டோனர்னு மேல எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணு இல்ல. சிலதுல தோலை உரிக்கற ஆசிட் இருக்கும். ஷேவ் பண்ண முகத்துல அதைப் போட்டா மறுபடி தொட்டிக்குள்ளதான் தலை."

அண்ணன் ஒத்திப் பார்த்தார். காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் மெத்தென்று இருந்தது. அன்றைக்கே, இனிமேல் பச்சைப் பாட்டிலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். மீதியிருந்த சரக்கை அவர் மனைவி வாங்கி அடுப்பைத் துடைத்தார். வாங்கிய அன்றுகூட அந்த அடுப்பு அப்படிப் பளபளத்ததில்லையாம்.

கடை வாசலில் 'இங்கே தரமான டோனர் போடப்படும்' என்று எழுதி ஒட்டினார். முதலில் வந்தவர் பக்கத்து அலுவலகத்து ஊழியர். கக்கத்தில், டோனர் என்றே பெயர் போட்ட பிரின்டர் மை டப்பாவை இடுக்கிக்கொண்டு, "இதுக்குப் போடுவீங்களா?" என்று கேட்டார். அவரைச் சமாளித்து அனுப்பியது சுலபம். பழைய வாடிக்கையைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

யாருக்கும் பிடிக்கவில்லை. "என்னண்ணே, பச்சைத் தண்ணியைத் தெளிச்சு அனுப்பறீங்க?" என்றார் ஒருவர். "ஷேவ் பண்ண மாதிரியே இல்லையே," என்றார் லாரி டிரைவர். வாத்தியார்தான் ரொம்பவும் உடைந்துபோனார்.

"அந்த எரிச்சல்லதான் எனக்கு வகுப்புக்குப் போறதுக்கான கோபமே வரும். இப்படிக் குளுகுளுன்னு போய் நின்னா பசங்க மதிப்பாங்களா? ஒரே ஒரு சொட்டு, பழசு இருந்தா..."

"அடுப்புக்குக்கூட மீதி இல்ல வாத்தியாரே."

இன்னொரு சங்கடமும் முளைத்தது. முன்பெல்லாம் சுரீர் விழுந்ததும் ஆள் தானாக எழுந்துவிடுவார். அது வேலை முடிந்ததற்கான மணி. இப்போது அண்ணன் இதமாக ஒற்றி ஒற்றி, கிரீம் தடவி முடிப்பதற்குள் நாற்காலியில் குறட்டை கிளம்பியது. வாடிக்கையாளரை உலுக்கி எழுப்பவும் அவருக்கு மனம் வராது. துண்டை உதறுவார், கத்தரியைக் காற்றில் வெட்டுவார், இருமுவார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் பொறுமையிழந்து அடுத்த தெருக் கடைக்கு நடந்தார்கள். அந்தக் கடைக்காரர் சமர்த்தர். நிலவரம் தெரிந்ததும் தானே ஒரு சரக்கு கலந்து, 'சுரீர் இப்போது இங்கே' என்று பலகை வைத்துவிட்டார். அதில் மிளகாய்கூடப் போட்டிருந்தார் என்று பேசிக்கொண்டார்கள். முதல் ஆளாக ஓடியவர் வாத்தியார்.

அண்ணனின் கடையில் ஈ ஓட்டும் நிலை வந்தது. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். கொள்கை ஒன்றும் இல்லை, அடுத்த தெருவரை நடக்கச் சோம்பல். அண்ணன் கண்ணாடி முன் உட்கார்ந்து, தன் முகத்துக்கே டோனர் போட்டுப் பொழுதைக் கழித்துக்கொண்டிருப்பார். வீட்டில் மனைவி, "மறுபடி தாடி வளருங்களேன், பழகின முகமா இருக்கும்," என்று சொல்லிப் பார்த்தாராம். அவர் கேட்கவில்லை. தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்க்கும் சுகத்தை இத்தனை வயதில் கண்டுகொண்ட மனிதர், விடுவாரா?

ஒரு காலையில் வாத்தியார் கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். எடுத்தால், சுட்ட கத்திரிக்காய்த் தோல் மாதிரி கன்னம் உரிந்து தொங்கியது. முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தார்களாம். போட்டோக்காரர், "அந்த சார் கொஞ்சம் பின்னால போய் நில்லுங்க," என்று சொல்லிவிட்டாராம்.

அண்ணன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "ஷேவ் கிடையாது. முதல்ல இது ஆறட்டும்," என்று நாற்காலியைச் சாய்த்தார். வெறும் தண்ணீரில் முகத்தைக் கழுவி, பழைய மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, களிம்பு தடவினார். சில நாளில் முற்றிலும் ஆறியபின், காதுக்குப் பின்னால் சொட்டு வைத்து ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு, டோனரைத் தொட்டார். குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல அவ்வளவு பதமாக.

"எரியுதா?"

"இல்ல."

"பரவாயில்லையா?"

வாத்தியார் தூங்கிவிட்டார்.

அவர் ஆசிரியர் அறையில் என்ன சொன்னாரோ, அடுத்த வாரமே நாலு வாத்தியார்கள் வந்தார்கள். பிறகு பழைய கூட்டம் ஒவ்வொருவராக, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியது. லாரி டிரைவர் மட்டும், "டிரிம்மரை என்கிட்ட காட்டாதீங்க," என்று நிபந்தனை போட்டார். குறட்டைக்கும் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய சாமான் கடையிலிருந்து இரண்டாவது நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டார். முடி வெட்ட ஒன்று, டோனர் போட்டுத் தூங்க ஒன்று. தூங்குகிறவர்களைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, வெளிச்சம் கண்ணில் படாமல் திரைச்சீலையை இழுத்துவிடுவார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாற்காலிக்குத்தான் வரிசை நிற்கிறது. போன வாரம் ஷேவும் வேண்டாம், முடியும் வெட்ட வேண்டாம் என்று ஒருவர் வந்தார்.

"பின்ன என்னங்க வேணும்?"

"வீட்டுல சொந்தக்காரங்க வந்திருக்காங்கண்ணே, படுக்க இடமில்ல. கொஞ்சம் டோனர் போட்டு விடுங்க."