கண்ணாடிக் குவளை போட்ட பெட்டி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பெட்டிகளின் மேல் சாக்கட்டியால் எண் போட்டதைத் தவிர அதிகம் எழுதியதில்லை.

கடலூர் முதுநகரில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் பத்தொன்பது வருடமாகச் சுமை ஏற்றி இறக்குகிறேன். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்று அங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. கண்ணாடிக் குவளை படம் போட்டிருந்தால் உடையும் பொருள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இருப்பது ‘கிளாஸ்’. குடை படம் இருந்தால் நனையக் கூடாது. ஊர்ப் பெயர்களையும் உருவத்தை வைத்தே பிடித்துக்கொள்வேன். ஒருமுறை சின்னசேலத்துப் பெட்டியைச் சிதம்பரம் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே நீளம், ஆரம்பமும் முடிவும்கூட ஒன்றுதான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

அதனால்தான் யூகேஜி படித்த என் மகள் ஆங்கிலப் புத்தகத்தை மளமளவென்று படித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. படிக்காமலே படிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா?

படத்தைக் கையால் மூடினேன். படித்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் படித்தாள். ஒருநாள் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். நாய்ப் படம் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, நான் தாண்டிவிட்ட பூனைப் பக்கத்தை ஒப்பித்தாள்.

“பாத்தியா, மாட்டிக்கிட்டா” என்றேன் மனைவியிடம்.

“அஞ்சு வயசுப் புள்ளய போலீஸ்காரன் மாதிரி மடக்குறீங்களே, வெக்கமா இல்ல?” என்றாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆபீஸ் வேலை பார்க்கிறார். மகளை அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, அவர் வீட்டிலேயே தங்கவைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் கடலூருக்குக் கூட்டி வருவது என்று எல்லோருமாகப் பேசி வைத்திருந்தார்கள். சாயங்காலம் நான் வாசலில் நுழைந்ததும் ஓடிவந்து என் சட்டைப் பையைத் துழாவுகிறவள் அவள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அதனால் வேறு மாதிரி சொன்னேன்.

“அவ நெஜமாவே படிச்சான்னா அனுப்புறேன் மச்சான். ஒப்பிச்சான்னா அனுப்ப மாட்டேன்.”

அவளால் படிக்க முடியாது என்ற தைரியம்தான்.

பள்ளியில் சேர்க்கும் முன் வைக்கும் தேர்வுக்காக, சித்திரை வெயிலில் மூவரும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனோம். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மகளுடன் நானும் மச்சானும் உள்ளே போனோம். டீச்சர் படமும் ஆங்கிலச் சொல்லும் போட்ட அட்டைகளைக் காட்டினார். மகள் பட்பட்டென்று சொன்னாள். மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது போல இருந்தது. ஆபீசில் இருக்கிறவருக்கு இந்த அட்டைகள் கிடைக்காதா? போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து அவளோடு வெகுநேரம் விளையாடினாரே, அது என்ன விளையாட்டு?

பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன்.

“மிஸ்... படம் இல்லாம வேற எதுனா குடுங்க.”

மச்சான் என் காலை மிதித்தார். “மாமா, சும்மா இருங்க. பாஸாவுற புள்ளய நீங்களே கவுத்துடுவீங்க போல.”

டீச்சர் கோபப்படவில்லை. அலமாரியில் கைக்கு எட்டிய ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தார். பக்கம் முழுக்க வெறும் எழுத்து. மகள் விரலை வைத்தாள். இரண்டு மூன்று சின்னச் சொற்களைப் பார்த்தவுடனே சொன்னாள். பிறகு விரல் நின்றது.

“இது தெரியல மிஸ்.”

நான் திடுக்கிட்டேன். பத்தொன்பது வருடமாக என் வாயில் வராத வார்த்தை அது. எட்டிப் பார்த்தேன். அந்தச் சொல் எனக்கும் தெரியவில்லை.

“தெரியலன்னா இன்னா பண்ணுவோம்? ஒவ்வொரு எழுத்தும் இன்னா சத்தம் போடுது, சொல்லு” என்றார் டீச்சர்.

“க்... ல்... ஆ... ஸ்...” இன்னொரு முறை, கொஞ்சம் வேகமாக. பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினாள். “கிளாஸ்! டம்ளர்ப்பா!”

நான் தோளில் தூக்கித் தேய்ந்த சொல். படம் இல்லாமல், சின்ன எழுத்தில் இருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“மொதல்ல எல்லாப் புள்ளைங்களும் மனப்பாடமாத்தான் சொல்லும். அப்பறம் இப்பிடிப் புடிச்சிக்கும். அது ஏமாத்துறது இல்லீங்க” என்றார் டீச்சர். நான் கேட்காமலே எனக்குப் பதில் சொன்னார்.

அந்த அறையில் அவள் தோற்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் நான்தான்.

“இன்னா மாமா, இப்பவாச்சும் நம்புறீங்களா?” என்றார் மச்சான்.

“அனுப்புறேன்” என்றேன். சொன்ன சொல் ஆயிற்றே.

பள்ளி திறந்த திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். இப்போது பெட்டி தூக்கும்போது படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் மச்சான் போன் செய்து, “அவ அழவே இல்ல மாமா” என்கிறார்.

அதை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை.

எழுதியது: ஆனி மாதம், முதல் புதன்கிழமை.