பினாங்கில் எங்கள் அப்பாவாக நடித்த சித்தப்பா

சித்தப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. "காலேஜ் படிச்சவன், அஞ்சலிய நீயே எழுது" என்று அப்பா சொல்லிவிட்டார். எழுதுகிறேன். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக இருந்த ஒரு சந்தேகத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சித்தப்பா பூஞ்சேரியில் பிறந்தவர். மாமல்லபுரத்துக்கு நடந்துபோய்ப் படித்தார். சட்டம் முடித்துச் செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீலானார். கட்சிக்காரரிடம் குரலை உயர்த்த மாட்டார், எதிர்த்தரப்பை லேசில் விடவும் மாட்டார். தாத்தா காலமானபின் சவுக்குத் தோப்பைப் பிரிப்பதில் தகராறு வந்தது. சொந்த அண்ணனான எங்கள் அப்பா மீதே வழக்குப் போட்டார். அதோடு பேச்சு நின்றது. இருப்பதோ அடுத்தடுத்த வீடு. தாத்தாவின் திவசம் ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் நடக்கும். காக்கைகள் மட்டும் பாரபட்சம் பார்க்காமல் இரண்டு இடத்திலும் சாப்பிடும்.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து அவருடைய கல்லூரி நண்பர் கூப்பிட்டார். இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசிச் சமரசம் செய்ய, அங்குள்ள வக்கீல்களுக்குப் பயிற்சி. சொல்லிக்கொடுக்க உதவி வேண்டும். சித்தப்பா போனார். சில வாரம் கழித்துத் திரும்பியவர், தன் வீட்டைத் தாண்டி, பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"அண்ணாத்த, உனக்கு இன்னாதான் வேணும்?"

"பொட்டிய கீழ வைடா மொதல்ல."

"சொல்லு."

அப்பா பெட்டியைத் தானே வாங்கிக் கீழே வைத்தார். "நைனா தெவசத்த ரெண்டு வூட்ல பண்றோமே, அவரு எந்த வூட்டுக்குடா வருவாரு? அத்த சொல்லு. தோப்ப அப்பால பாத்துக்கலாம்."

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த வருஷம் திவசம் ஒரே வீட்டில் நடந்தது. வழக்கும் நடந்தது, அது வேறு. வாய்தா நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் செங்கல்பட்டு போவார்கள். பிரதிவாதி வாதிக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பார்.

பினாங்கில் அப்படி என்ன ஆயிற்று? எத்தனை முறை கேட்டாலும், "அந்த ரூம்ல பேசினது வெளிய வரக்கூடாதுடா" என்பார். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதே பதில்தான்.

போன மாதம் அந்த நண்பர் துக்கம் விசாரிக்க வந்தார். நான் விடவில்லை.

"அது ஒத்திகைதானே தம்பி, சொன்னா என்ன" என்று சிரித்தார். "அண்ணன் தம்பி, ஒரு தோப்புன்னு உங்க சித்தப்பாவே ஒரு கதை கட்டினார். பிடிவாதக்கார அண்ணனா அவரே நடிச்சார். பிரமாதம். ஒரு வக்கீலம்மா, 'தோப்பு கிடைச்சிட்டா போதுமா, வேற என்ன வேணும்'னு கேட்டாங்க. உங்க சித்தப்பா, 'அண்ணனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியலியே'ன்னு எழுந்து போயிட்டார்."

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "என்ன மாதிரியேவா பேசினான்?"

நண்பரின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவல் இருந்த பூஞ்சேரி உறவினர்கள், தோள் கொடுத்தவர்கள், சித்தியைத் தனியே விடாத பெண்கள், கடல் தாண்டி வந்த நண்பர், எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்த வக்கீலம்மாவுக்கும். ஒரு நடிகரைக் கேட்டதாகத்தான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.

சித்தப்பாவின் திவசம் ஒரே வீட்டில்தான். எந்த வீடு என்பது அவருக்குத் தெரியும்.