பட்டினிக் குப்பி

என் மேசை இழுப்பறையில் பஞ்சு அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு பழ ஈ செத்துக் காய்ந்து, தலை முதல் கால் வரை நீலமாகக் கிடக்கிறது. என் மனைவி இரண்டொரு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தாள். நான் கத்திய கத்தலில் இப்போதெல்லாம் அந்த இழுப்பறையைத் தொடுவதில்லை. ஓர் ஈக்காக ஒரு மனிதன் ஏன் இப்படிக் கத்த வேண்டும் என்று அவள் கேட்டதற்கு இதுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, பழ ஈயின் குடலையும் ஆயுளையும் அது தின்னும் உணவு என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு வரிசைக் குப்பிகளில் சர்க்கரையும் ஈஸ்டும் தாராளமாகச் சேர்த்த கூழ். அடுத்த வரிசையில் வழக்கமான கூழ். கடைசி வரிசையில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்க மட்டும் போதுமான நீர்த்த கூழ். அதற்குப் பட்டினி வரிசை என்று பெயர். வாரத்தில் ஒரு நாள் எல்லாக் கூழிலும் நீலச் சாயம் கலப்போம். குடல் நன்றாக இருக்கும் ஈயின் வயிற்றில் அந்த நீலம் ஒரு கோடாக நிற்கும். குடல் கிழிந்துவிட்டால் சாயம் உடம்பெல்லாம் கசிந்து ஈ முழுக்க நீலமாகிவிடும். அப்புறம் அது அதிகம் தாங்காது. எங்கள் பேராசிரியர் அப்படிப்பட்ட ஈயை இடுக்கியில் தூக்கிக் காட்டி, “நீலகண்டனுக்குக் கண்டத்தோட நின்னுச்சு, இவனுக்கு நிக்கல பாரு” என்பார். கோயில் ஊர் இல்லையா, எல்லோரும் சிரிப்போம். அவர் சொல்லும்போது சிரிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லதல்ல என்பதும் ஒரு காரணம்.

துறைத் தலைவரும் அவர்தான், எனக்கு வழிகாட்டியும் அவர்தான். கெட்டிக்காரர், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் குரலை உயர்த்தாமலே ஒருவரை உரித்துத் தொங்கவிடத் தெரிந்தவர். தன்னுடைய ஈக்களைப் பார்த்துத் தானும் அரை வயிறு சாப்பிடுவார். மதியம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வந்து நின்று, “இந்தச் சோறு உனக்கு எத்தன வருஷத்தக் கொறைக்குதுன்னு தெரியுமா?” என்று கேட்பார். பாதியோடு மூடி வைத்துவிடுவோம்.

ஈக்களுக்குக் கூழ் காய்ச்சியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வடலூர்க்காரர், தினக்கூலியில் பல வருடமாக அங்கே இருந்தார். மக்காச்சோள மாவையும் சர்க்கரையையும் ஈஸ்டையும் அலுமினியச் சட்டியில் கிண்டி, ஆறவைத்துக் குப்பிகளில் ஊற்றுவார். அவருடைய வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. அதற்குத் துறைத் தலைவரின் பரிந்துரை வேண்டும். பேராசிரியர் ஓய்வுபெறும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்து வருகிறவர் தன் ஆளைக் கொண்டுவருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பேராசிரியர் இருக்கும்போதே கையெழுத்து வாங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

முதல் முறை சோதனை நடந்தபோது பட்டினி வரிசை ஈக்கள், தாராளமாகத் தின்ற ஈக்களோடு போட்டி போட்டுக்கொண்டு நீலமாகின. அப்படி நடக்கக் கூடாது. அளவாகத் தின்பவைதான் அதிக நாள் இருக்க வேண்டும். குப்பிகளை நான்தான் மாற்றி வைத்துவிட்டேன் என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் என்னைப் படிப்பே வராத மாடு என்றார். பிறகு ஒரு பட்டினிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூழுக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நன்றாகத் தின்கிற ஈதான் அத்தனை முட்டையிடும். “பட்டினி கெடக்கறவ வதவதன்னு புள்ள பெத்து வச்சிருக்கா. யாரு சோறு போட்டது?” என்றார்.

அக்கா ஒளிக்கவே இல்லை. ஏதோ நல்ல காரியத்தைச் சொல்வதுபோல முன்னால் வந்தார். “நான்தான் சார் தெனமும் துளி ஈஸ்ட கொழச்சு வச்சேன். அதுங்க கண்ணாடிய நக்கிக்கினு அலையுதுங்க சார், பாக்க முடியல. எங்க ஊர்ல பசின்னு வந்தவங்கள திருப்பி அனுப்ப மாட்டாங்க.” வடலூர் தருமசாலையின் அணையாத அடுப்புப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு, பசித்த ஓர் உயிரின் முன்னால் சும்மா நிற்கத் தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் சிரித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருக்கலாம்.

பேராசிரியர் செத்த ஈக்களை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி அக்காவின் முன் நகர்த்தினார். “நீ சோறு போட்டு சாகடிச்சது இதெல்லாம். சும்மா வுட்டிருந்தா இன்னும் பறந்துக்கினு இருக்கும்.” அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அதோடு விட்டிருந்தால் பேராசிரியரை நான் மன்னித்திருப்பேன். அவர் தொடர்ந்து, “திரும்ப ஆரம்பிப்போம். பட்டினி வரிச உன் பொறுப்பு. உன் கையாலதான் பட்டினி போடணும். கடைசி ஈ செத்த அன்னைக்கு உன் ஆர்டருக்குக் கையெழுத்துப் போடுறேன்” என்றார்.

அக்கா ஒப்புக்கொண்டார். வேறு வழி? தினமும் நீர்த்த கூழை அளந்து ஊற்றி, பஞ்சை அடைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பட்டினி கிடக்கும் ஈக்கள் சாகவே இல்லை. தாராள வரிசை முதலில் நீலமாகி உதிர்ந்தது, வழக்கமான வரிசையும் முடிந்தது. பட்டினி வரிசை மட்டும் கண்ணாடியை நக்கிக்கொண்டு நாட்களை இழுத்தடித்தது. அவை சீக்கிரம் செத்தால் அக்காவுக்கு வேலை. அக்காவின் கையால் பட்டினி கிடப்பதாலேயே அவை சாகாது. இந்தக் கணக்கு பேராசிரியருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் அதைச் சொன்னார்.

ஓய்வுபெறும் நாள் வந்தபோது ஒரே ஓர் ஈ மிச்சம். அதுவும் பறக்க முடியாமல் குப்பியின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. “குப்பிய ஓங்கி ஒரு தட்டு தட்டுங்கக்கா, முடிஞ்சிரும்” என்று நானே சொன்னேன். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. “பட்டினி போட்டதே பாவம் தம்பி. அதக் கொன்னுட்டு அந்தச் சம்பளத்துல சோறு துன்ன முடியுமா?” என்றார். மாலையில் பேராசிரியர் வந்து குப்பியை எடுத்துப் பார்த்தார். “இன்னும் உசுரு இருக்கே” என்று அக்காவிடமே அதைக் கொடுத்துவிட்டு, பாராட்டு விழாவுக்கு மாலை வாங்கிக்கொள்ளப் போய்விட்டார். கையெழுத்து போடவில்லை. மேடையில் அவருடைய கருணை உள்ளத்தைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

நான் பாதியில் எழுந்து வந்தேன். விழாச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கையில் அக்கா சோதனைக்கூடத்தில் தனியாக இருந்தார். தாராள வரிசைக்குக் காய்ச்சிய நீலக் கூழில் கொஞ்சம் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது. அதை ஒரு குச்சியில் தொட்டுக் குப்பிக்குள் வைத்தார். “இனிமே யாரு கேக்கப் போறாங்க” என்றார். அந்த ஈ ஊர்ந்து வந்து தின்றது. அவ்வளவு நேரமும் அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

புதிய தலைவர் வந்ததும் அக்காவை நிறுத்திவிட்டார்கள். இப்போது சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் கூலிக்குப் போகிறார் என்று கேள்வி. பேராசிரியர் கடலூரில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியும் கட்டை மாதிரி இருக்கிறார், ஒரு நோய் இல்லை. பிள்ளைகள் வருவதில்லை. அரைக் கிண்ணம் கஞ்சியை மெதுவாகக் குடித்துக்கொண்டே, “அந்தக் கடைசி ஈ எப்ப செத்துச்சு?” என்று கேட்டார். “நீங்க ரிட்டயர் ஆன மறுநாள் காலையில சார்” என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஒரே நாள்ல கோட்ட வுட்டுட்டா, பாவம்” என்றார். அவர் நூறு வயது இருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்தேன். அந்த மறுநாள் காலையில் இதை அக்காவின் கையில் முதலில் கொடுத்தவன் நான்தான். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். எத்தனையோ நீல ஈக்களைப் பார்த்த கண். “அப்ப நான் வச்ச சோறு அது வயித்துல நிக்கலியா தம்பி?” என்று கேட்டார்.

“நின்னுச்சுக்கா” என்றேன்.

சரி என்று தலையாட்டி, தலை முதல் கால் வரை நீலமாக இருந்த அந்த ஈயை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூழ்ச் சட்டியைக் கழுவப் போனார்.